உப்பு உண்டா, இல்லையா: காசிமேட்டுக் கருவாட்டு லேபிள் ஒன்றின் எழுத்தமைப்பு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிக் கருவாடு காயவைத்து விற்கும் பெண்கள் குழு ஒன்று, பாக்கெட் லேபிளை மாற்றித் தரச் சொல்லி வந்தது. சரக்கில் குறை கிடையாது. நெத்திலி, வாளை, சென்னாக்குனி எல்லாம் நன்றாகக் கழுவி, மணல் ஒட்டாமல் வலைமேல் உலர்த்தியவை. கூடையில் வைத்து எடை போட்டு விற்றவரை சிக்கல் எதுவும் இல்லை. பாக்கெட் போட்டு வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மளிகைக் கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் புகார் வந்தது. என்ன விலை, எப்போது போட்டது, உப்பு சேர்த்ததா என்று வாங்க வருகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் கடைக்காரரைக் கேட்கிறார்கள். லேபிளில் எல்லாம் இருக்கிறது. ஆனால் யாரும் லேபிளைப் படிக்கவில்லை.

குழுவினர் முதலில் கேட்டது "நல்ல ஃபாண்ட்". கடைசியில் பார்த்தால், எழுத்துருவை மாற்றியது இந்த வேலையில் ஒரு பகுதிதான். அதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டியவை நிறைய இருந்தன.

பழைய லேபிள்

நீலத்திலிருந்து வெள்ளைக்கு மங்கும் பின்னணி. மஞ்சள் எழுத்து, அதற்குச் சிவப்பு விளிம்பு, போதாததற்கு ஒரு நிழல். குழுவின் பெயர் வளைந்து நெளிந்த ஓர் எழுத்துருவில், மீனின் பெயர் வேறொன்றில், முகவரி இன்னொன்றில். விலையும் எடையும் ஆங்கில எழுத்துருவில், அதுவும் சாய்ந்த எழுத்தில். மூலையில் மீன் படம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதை யாரும் அலங்கரிக்கவில்லை.

இதைச் செய்துகொடுத்த டிடிபி கடையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் ஒரு மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸுக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் முடித்த வேலை அது. அந்த இரண்டுக்கும் பழகிய கை, லேபிளையும் ஃபிளெக்ஸ் மாதிரியே செய்துவிட்டது. தெருமுனையில் பத்தடி உயரத்தில் நிற்கும்போது எடுபடுகிற நிழலும் விளிம்பும், 10 செ.மீ. அகலம் 7 செ.மீ. உயரம் உள்ள ஸ்டிக்கரில் எழுத்தின் வயிற்றை அடைத்துவிடும்.

எது முதலில்

குழுவுக்குத் தலைவியாக இருக்கும் அக்கா தெளிவாகவே சொன்னார்: "தம்பி, எங்க பேரு பெருசா இருக்கணும். மீனு பேரும் பெருசா இருக்கணும். வெல பெருசா இருந்தாதான் கேக்க மாட்டாங்கோ. போன் நம்பரு சின்னதா போட்டா எப்டி கூப்புடுவாங்கோ?"

தனித்தனியாக எடுத்தால் நான்கும் நியாயம். நான்கையும் ஒரே அளவில் போட்டால், விடிகாலை ஏலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் விலை கூவுவது போல ஆகிவிடும். தமிழில் இது இன்னும் கடினம். ஆங்கிலத்தில் தலைப்பெழுத்து (கேபிடல் லெட்டர்) என்று ஒரு வசதி இருக்கிறது. அளவை ஏற்றாமலே ஒரு சொல்லைத் தூக்கிக் காட்டலாம். சாய்வெழுத்து உண்டு. தமிழுக்குத் தலைப்பெழுத்து கிடையாது. தமிழைச் சாய்த்தால் அழுத்தம் வராது, சாய்ந்துதான் தெரியும். நம் கையில் இருப்பவை நான்கு: அளவு, தடிமன், நிறம், சுற்றியுள்ள வெற்றிடம். இவற்றில் வெற்றிடத்துக்குத்தான் காசு கிடையாது. கேட்டால் யாரும் தர மாட்டேன் என்பதும் அதைத்தான்.

லேபிளில் வரவேண்டிய ஒவ்வொன்றையும் துண்டுச் சீட்டில் எழுதி, வாங்குகிறவர் எதைத் தேடுவார் என்ற வரிசையில் அடுக்கச் சொன்னேன். குழுவின் பெயர் முதலில் வரும் என்று எதிர்பார்த்தேன். தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்றுப் பழகிய ஒரு பெரியம்மா அந்தச் சீட்டை எடுத்துக் கீழே வைத்தார். "நெத்திலின்றது பாத்தாலே தெரியும், கண்ணாடிக் கவருதானே. உப்பு போட்டதா போடாததான்னுதான் கேப்பாங்க. பிபி இருக்கறவங்க அதத்தான் மொதல்ல பாப்பாங்க."

லேபிளின் வடிவத்தை முடிவு செய்தது அந்தப் பேச்சுதான். பழைய லேபிளில் அந்தச் செய்தி அடியில், முகவரிக்குப் பக்கத்தில், "உப்பு சேர்த்தது" அல்லது "உப்பு சேர்க்காதது" என்று இருந்தது. இரண்டையும் சிறிய எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று, நடுவில் இரண்டெழுத்துதான் வேறு. ஓடுகிற கண்ணுக்கு இரண்டும் ஒரே வடிவம். "உப்பு உண்டு", "உப்பு இல்லை" என்று மாற்றினோம். இரண்டாவது சொல்லின் வடிவமே இப்போது வேறு. உப்பு உள்ளதற்கு அடர்நீலப் பட்டை, இல்லாததற்கு வெள்ளைப் பட்டையில் நீல எழுத்து. நிறம் தெரியாதவரும் சொல்லைப் படிக்கலாம், படிக்காதவரும் பட்டையைப் பார்க்கலாம்.

மீன் பெயரும் உப்புப் பட்டையும் முதல் நிலை. எடை, விலை, பேக் செய்த தேதி இரண்டாம் நிலை. குழுவின் பெயர், முகவரி, உரிம எண், சேர்மானம், மீன் ஒவ்வாமை எச்சரிக்கை எல்லாம் மூன்றாம் நிலை. அசைவத்துக்கான பழுப்பு முக்கோணக் குறி சட்டப்படி இருக்கவேண்டிய இடத்தில். அக்காவுக்குத் தங்கள் பெயர் கீழே போனதில் வருத்தம்தான். பெயரைத் தனியே ஒரு முத்திரை மாதிரி மேல் மூலையில் வைத்து, சுற்றிலும் இடம் விட்டதும் சமாதானமானார். சின்னதாக இருந்தாலும் தனியாக நின்றால் கண்ணில் படும்.

எழுத்துரு

எழுத்துருவைப் பற்றிப் பேசுமுன் அளவைப் பற்றி ஒரு விஷயம். "12 பாயிண்ட்ல போடுங்க" என்று வாடிக்கையாளர்கள் சொல்வதுண்டு. ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.35 மி.மீ. ஆனால் 12 பாயிண்ட் என்பது எழுத்தின் உயரம் அல்ல. எழுத்து உட்கார்ந்திருக்கும் கட்டத்தின் உயரம். ஈய எழுத்து காலத்தில் அது உலோகக் கட்டையின் உயரம். அந்தக் கட்டத்துக்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது வடிவமைப்பாளரின் விருப்பம். அதனால் ஒரே 12 பாயிண்டில் ஒரு தமிழ் எழுத்துரு பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் தெரியும். நான் பாயிண்டை நம்புவதில்லை. அச்சிட்டு, "ப" எழுத்தின் உயரத்தை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளப்பேன். பொட்டல உணவுக்கான விதிகளும் எழுத்தின் குறைந்தபட்ச உயரத்தை மில்லிமீட்டரில்தான் கேட்கின்றன, பாயிண்டில் அல்ல.

அளவுப் பிரச்சினை தமிழ் அச்சுக்குப் புதிதல்ல. ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்குவின் தரங்கம்பாடி அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதம் கட்டுப்படியாகவில்லை. பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுதாக அச்சில் வந்தது. நம் சென்னைக்கு அச்சு வந்தது அதற்கும் பிறகு, 1761இல். புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அங்கிருந்து தூக்கிவந்த அச்சு எந்திரம் வேப்பேரியில் பெப்ரிசியுஸ் என்ற மதபோதகர் கைக்குப் போனது. எழுத்தைச் சின்னதாக்க வேண்டும், ஆனால் படிக்கவும் முடியவேண்டும் என்ற இழுபறி அன்றைக்கும் இதே காரணத்துக்குத்தான்: இடம் விலை அதிகம்.

எந்தக் குணமுள்ள எழுத்துரு வேண்டும்? ஆங்கிலத்துக்குச் சொல்லும் செரிஃப் (கோட்டு முனையில் சின்ன நீட்டல் உள்ளது), சான்ஸ் செரிஃப் (அது இல்லாதது) பாகுபாட்டை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் பெரிதாக உதவாது. தமிழில் பார்க்கவேண்டியது கோட்டின் தடிமன் எழுத்துக்குள் மாறுகிறதா, ஒரே சீராக ஓடுகிறதா என்பது. பழைய புத்தகங்களின் எழுத்துகளில் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருக்கும். நல்ல காகிதத்தில் நீண்ட நேரம் படிக்க அது இதம். பிளாஸ்டிக்கில் சிறிதாக அச்சிட்டால் மெல்லிய கோடு முதலில் காணாமல் போகும். அடுத்தது சுழிகளின் உள்ளிடம். "ண", "ணை", "ஞ" ஆகியவற்றின் சுழிகளுக்குள் வெள்ளை தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். "ர" வும் துணைக்காலும் மூன்றாவது. பல எழுத்துருக்களில் இரண்டையும் பிரிப்பது அடியில் உள்ள ஒரு சின்ன வால்தான். "வஞ்சிரம்" என்று எழுதி, அளவைக் குறைத்துக்கொண்டே போய், வால் எப்போது மறைகிறது என்று பார்த்தால் எழுத்துருவின் தரம் தெரிந்துவிடும். "நெ", "நே" இரண்டுக்கும் இதே சோதனை. கொம்பின் மேல்சுழி மை பரவி அடைந்தால் குறில் நெடில் போயிற்று.

விண்டோஸோடு வந்த லதாவை எல்லாரும் அறிவார்கள். திரைக்கு ஏற்ற எழுத்து, அச்சில் தட்டையாக நிற்கும். பலூ தம்பி பெரிய தலைப்புக்கு அருமை, கொழுகொழுவென்று இருக்கும். கடைப் பொருள்கள் பாதியில் இன்று அதுதான். சிறிய அளவில் சுழிகள் மூடிக்கொள்ளும். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான் ஒன்பது தடிமன்களில் கிடைக்கிறது. மீனவர் சரக்குக்குக் கட்டமரான் என்று பெயரை வைத்தே முடிவு செய்ய எனக்கும் ஆசைதான். ஆனால் அதன் கோடுகள் எங்களுக்கு வேண்டிய சிறிய அளவில் மெல்லியவை. முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றும் நிதானமானவை, எதை எடுத்திருந்தாலும் தவறில்லை.

நாங்கள் எடுத்தது அனேக் தமிழ். மும்பையின் ஏக் டைப் நிறுவனம் 2022இல் வெளியிட்ட எழுத்துரு. தடிமனை மட்டுமல்ல, அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம் என்பதுதான் காரணம். "வாளை" இரண்டெழுத்து, "சென்னாக்குனி" நீளம். ஒரே லேபிளில் இரண்டும் ஒரே உயரத்தில் வரவேண்டும். சாதாரண எழுத்துருவில் நீளமான பெயரை அடக்க, பக்கவாட்டில் பிடித்து நசுக்குவார்கள். நெடுக்குக் கோடு மெலிந்து, படுக்கைக் கோடு தடித்தபடியே நின்று எழுத்து நோயாளி மாதிரி ஆகிவிடும். அகலம் குறைந்த வடிவத்தையே வரைந்துவைத்திருக்கும் எழுத்துருவில் அந்தக் கோளாறு இல்லை. இலவச உரிமம் என்பதால் வணிகப் பொருளில் போடவும் தடையில்லை.

ஒரே எழுத்துரு, இரண்டு தடிமன். அவ்வளவுதான் லேபிள் முழுக்க, நீலப் பட்டை ஒன்றைத் தவிர. தடித்த வடிவம் எழுத்துருவிலேயே இருக்கவேண்டும் என்பது முக்கியம். இல்லாவிட்டால் மென்பொருள் தானாக விளிம்பைத் தடிக்கவைத்துப் போலி போல்டு ஒன்றைத் தரும். அதில் "ண" ஒரு கறுப்புப் பொட்டலம்.

இடைவெளி

லீடிங் என்று நாங்கள் சொல்லும் வரி இடைவெளியில்தான் பழைய லேபிள் அதிகம் அடிவாங்கியது. வடிவமைப்பு மென்பொருள்கள் தாமாக வைக்கும் இடைவெளி பெரும்பாலும் எழுத்தளவில் 120 சதவீதம். அது ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் "ரு", "டு", "மு", "ழு" கீழே இறங்கும். மேலே விசிறியும் ("கி"யின் மேல்வளைவு) புள்ளியும் ஏறும். அடியில் இருந்த சிறிய எழுத்து வரிகளில், மேல் வரியில் "நெத்திலி கருவாடு", கீழ் வரியில் "உப்பிட்டு உலர்த்தியது" என்று நெருக்கி வைத்திருந்தார்கள். மேலேயிருந்து இறங்கிய "ரு"வின் வால், கீழே "ப்" மேலிருந்த புள்ளியை விழுங்கிவிட்டது. படித்தால் "உபபிட்டு". புதிய லேபிளில் சிறிய எழுத்து 8 பாயிண்ட் என்றால் வரிக்கு வரி 12 பாயிண்ட். இடம் போதவில்லையா, வாசகத்தை வெட்டினோம். "தயாரித்து விற்பனை செய்பவர்கள்" போன்றவை சுருங்கின. எழுத்தைக் குறைக்கவில்லை.

எழுத்துக்கு எழுத்து உள்ள இடைவெளியைத் தமிழில் தாராளமாகத் திறக்கக்கூடாது. பல மென்பொருள்களில் கொம்பும் துணைக்காலும் மெய்யிலிருந்து விலகித் தனியே நிற்கும். "கொ" மூன்று துண்டாகத் தெரியும். நீலப் பட்டையில் வெள்ளை எழுத்துக்கு மட்டும் துளி திறந்து, தடிமனையும் ஒரு படி ஏற்றினேன். இருண்ட பரப்பில் எழுத்து என்பது மை படாத இடம். சுற்றியுள்ள மை உள்ளே பரவி அதை மெலியவைக்கும்.

இரு பக்கமும் ஓரம் சீராக வரும்படி பத்தியை இழுக்கவே இல்லை. தமிழ்ச் சொற்கள் நீளம். குறுகிய பத்தியில் வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் விழும். நடுவில் பல்லுப் போன இடம் தெரியும். இடப்பக்கம் ஒழுங்கு, வலப்பக்கம் அதன் போக்கில்.

ஆங்கிலம் இருந்தே ஆகவேண்டிய இடங்கள் சில. ஒரே அளவில் போட்டால் ஆங்கிலத் தலைப்பெழுத்துகள் தமிழைவிட உயரமாகத் தெரியும். 85 முதல் 90 சதவீதம் வரை குறைத்தால் கண்ணுக்குச் சமம். விலைக்கு முன்னால் ரூபாய்க் குறி. 2010இல் வந்த இந்தக் குறியை வடிவமைத்த உதயகுமார், தமிழ் எழுத்து வடிவங்களை ஆய்வு செய்தவர். அப்படியிருந்தும், அதற்கு முந்தைய பல தமிழ் எழுத்துருக்களில் அந்தக் குறிக்கே இடமில்லை. வெறும் கட்டமாக நிற்கும். எழுத்துரு வாங்கும்போது சோதித்துவிடுவது நல்லது.

அச்சகத்தில்

பழைய லேபிளின் வாசகம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "கருவாடு" என்பது எஃப், யூ, டி, எச், எல் என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். உள்ளே இருப்பது அதுதான். தமிழ் வெறும் முகமூடி. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியதில் இன்னொரு குப்பையும் சேர்ந்து வந்தது. "உரிமம்" என்பதில் "ரி"க்குப் பதில் துணைக்காலும் விசிறியும். பல எழுத்துருக்களில் பார்வைக்கு வேறுபாடே தெரியாது. "ரி"க்கு வால் போட்டு வரையும் எழுத்துருவுக்கு மாற்றினால்தான் ஊனம் வெளியே வரும். மாற்றிய வாசகத்தை நம்பாமல் திரும்ப அடிப்பதே மேல். லேபிளில் இருப்பது கொஞ்சம் சொற்கள்தானே.

பாரிமுனைப் பக்கம் ஓர் அச்சகத்தில் சோதனைப் பிரதி எடுத்தபோது "நெத்திலி"யின் கொம்பு "ந"வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு என்றுதான் சேமிக்கப்படும். அதை முன்னால் நகர்த்திக் காட்டுவது மென்பொருளின் வேலை. அங்கே இருந்த பழைய பதிப்புக்கு அந்த வேலை தெரியாது. ஃபோட்டோஷாப்பில்கூடத் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இதே கதை. "கர்வ் பண்ணி அனுப்புங்க சார்" என்றார் ஆபரேட்டர். கர்வ் செய்தால் எழுத்து படமாகிவிடும், எந்தக் கணினியிலும் கலையாது, ஆனால் பிழை திருத்தவும் முடியாது. அதனால் இரண்டு கோப்பு: அச்சுக்குக் கர்வ் செய்தது, கையிருப்புக்குத் திருத்தக்கூடியது.

திரையில் பார்த்து எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று குழுவிடம் சொல்லியிருந்தேன். உண்மையான அளவில் அச்சிட்டு, பாக்கெட்டில் ஒட்டி, தண்டையார்பேட்டைக் கடையொன்றின் மேல் அலமாரியில், அங்கிருக்கும் அதே பல்பு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். உப்புப் பட்டை கல்லாவிலிருந்தே தெரிந்தது. தேதி தெரியவில்லை. தேதியை அவர்கள் மார்க்கரில் கையால் எழுதுகிறார்கள். கட்டம் அதற்குச் சிறியது, பளபளப்புக் காகிதத்தில் மையும் இழுபட்டது. கட்டத்தைப் பெரிதாக்கி, காகிதத்தை மேட் ஸ்டிக்கராக மாற்றினோம். கையெழுத்துக்கும் லேபிளில் இடம் ஒதுக்கவேண்டும். கட்டத்துக்குள் வருவதும் எழுத்துதான்.

போர்டு

இதோடு சேர்ந்து வந்த சின்ன வேலை, அவர்களுடைய விற்பனைக் கடைக்கான பெயர்ப் பலகை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்கவேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் 5:3:2 என்ற அளவில். விதி என்பதற்காகச் செய்தாலும் வடிவமைப்புக்கு இது நல்ல உதவி. எது முதலில் என்ற சண்டை அங்கே இல்லை. பலகைக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து. அது ஆங்கிலத் தலைப்பெழுத்துக்கான கணக்கு. சுழி நிறைந்த தமிழுக்கு நான் ஒன்றரை அங்குலம் வைப்பேன். ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று, தகரத்தில் கையால் எழுதும் ஓவியரிடம் கொடுத்தோம். அவர் எங்கள் எழுத்துருவைப் பார்த்துவிட்டு, "டு"வின் வாலை மட்டும் தன் பாணியில் நீட்டிவிட்டார். நன்றாகவே இருக்கிறது, விட்டுவிட்டேன்.

பிறகு

விற்பனை கூடியது. ஆனால் புதிய லேபிள் கடைக்குப் போனது ஏப்ரல் 15இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்தில். அந்த 61 நாளும் பச்சை மீன் விலை ஏறிக் கருவாடு தானாகவே நகரும். எனவே லேபிளின் கணக்கில் அதை எழுத மாட்டேன். கடைக்காரர்கள் சொன்னதை மட்டும் எழுதலாம்: உப்பு பற்றிய கேள்வி அநேகமாக நின்றுவிட்டது, விலை பற்றிய கேள்வி நிற்கவில்லை. விலை தெரியாமல் கேட்பதில்லை, குறைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அதற்கு எழுத்துருவில் வழியில்லை.

50 கிராம் பாக்கெட் இன்னும் பாக்கி. அதில் ஸ்டிக்கர் கட்டுப்படியாகாது. கவர்மேலேயே ஒரே நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்ட் அடிக்கவேண்டும். கண்ணாடிக் கவரில் நேரடியாக அடித்த எழுத்துக்குப் பின்னால் கருவாடு தெரிவதால் எந்த நிறமும் எடுபடுவதில்லை. முதலில் வெள்ளையை அடித்து அதன்மேல் நீலம் என்றால் இரண்டு நிறச் செலவு. இப்போதைக்கு யோசித்திருப்பது, கவரின் கீழ் மூன்றில் ஒரு பங்கை முழு வெள்ளையாக அடித்து, எழுத்து இருக்குமிடத்தில் மை விடாமல் விட்டுவிடுவது. உள்ளே ஒரு துண்டு நீலக் காகிதம் வைத்தால் அதே எழுத்து நீலமாகத் தெரியும். சுழிகள் அடையாமல் இருக்க எவ்வளவு தடிமன் வேண்டும் என்பது ஸ்கிரீன் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அக்கா காகிதத்தின் விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.